20 நிமிஷம் ஓடினதும் திணறும் ரைடிங் மோவர்: பிளக், ஃபில்டர், கார்புரேட்டர் மாத்தியும் அதே கதை

#1 ஈரப்புல்

வணக்கம். உட்கார்ந்து ஓட்டுற புல்வெட்டி, ரெண்டு சிலிண்டர் வி-ட்வின் பெட்ரோல் எஞ்சின், கார்புரேட்டர் மாடல். பத்து வருஷப் பழசு. இதுவரைக்கும் ஒரு குறை சொல்ல முடியாது. நடுவுல அஞ்சு மாசம் கொட்டகையில சும்மா நின்னுச்சு. எடுத்ததுல இருந்து ரெண்டு தொல்லை.

ஒண்ணு, ஸ்டார்ட் பண்ணி லோடு இல்லாம நிக்கிறப்ப சத்தம் ஏறுது, இறங்குது, ஏறுது, இறங்குது. ஊஞ்சல் மாதிரி. ரெண்டாவது, பிளேடை ஓடவிட்டு வெட்ட ஆரம்பிச்சா ஒரு 20 நிமிஷம் சமாளிக்குது. அப்புறம் இழுவையே இல்ல, படபடன்னு அடிக்குது, சைலன்ஸர்ல அப்பப்ப வெடி. அரை மணி நேரம் ஆறவிட்டா திரும்ப ஒரு 20 நிமிஷம்.

மாத்தினது: பிளக் ரெண்டும், ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர். டேங்கை வடிச்சுக் கழுவி புது பெட்ரோல். நேத்து ஆன்லைன்ல வாங்கின புது கார்புரேட்டரும் மாட்டியாச்சு. அதுக்கப்புறம் ஊஞ்சல் இன்னும் வேகமா ஆடுது. அடுத்து எதை மாத்தட்டும்?

#2 கரிப்புகை

20 நிமிஷம் கணக்கு வச்சு நிக்குதுன்னா முதல்ல டேங்க் மூடியைப் பாருங்க. மூடியில இருக்கிற காத்துத் துளை அடைச்சா, பெட்ரோல் இறங்க இறங்க டேங்குக்குள்ள வெற்றிடம் பிடிச்சு அப்புறம் சொட்டுகூட வராது. திணறுறப்ப மூடியைத் தளர்த்துங்க. புஸ்ஸுன்னு காத்து உள்ள இழுத்து எஞ்சின் தெளிஞ்சா வேலை முடிஞ்சது.

இல்லைன்னா பிளக்குக்குப் பொறி கொடுக்கிற காயில். சூட்டுல போற காயில் இப்படித்தான் பண்ணும். ரெண்டையும் மாத்திடுங்க.

#3 நாலு ஸ்ட்ரோக்

அஞ்சு மாசம் பழைய பெட்ரோலோட நின்னதுதான் எல்லாத்துக்கும் மூலம். இப்ப வர்ற பெட்ரோல்ல எத்தனால் கலப்பு இருக்கு, அது காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். ஒரு மாசத்துக்கு மேல போனாலே பெட்ரோல் கெட ஆரம்பிச்சிடும், கார்புரேட்டர்ல பெட்ரோல் வர்ற சின்னத் துளையான ஜெட்டுக்குள்ள பிசின் பிடிக்கும். கார்புரேட்டர் கிளீனர் ஒரு பாட்டில் டேங்க்ல ஊத்தி ஓட்டிப் பாருங்க.

#4 பழைய ஸ்பானர்

தம்பி, முதல்ல கடைக்குப் போறதை நிறுத்து. அஞ்சு பொருள் மாத்தியிருக்க, ஒரு சோதனைகூடப் பண்ணல. இப்ப பழைய கோளாறு எது, நீயா கொண்டுவந்த கோளாறு எதுன்னு எனக்கும் தெரியாது, உனக்கும் தெரியாது.

காசு செலவில்லாத நாலு விஷயம் பார்த்துட்டு வா.

டிப்ஸ்டிக்கை எடுத்து அளவு பாரு, மோந்து பாரு. ஆயில் மட்டம் ஏறி பெட்ரோல் வாடை அடிச்சா கார்புரேட்டர்ல மிதவை ஊசி அடைக்காம பெட்ரோல் எஞ்சினுக்குள்ள இறங்குது. அப்படி இருந்தா ஸ்டார்டரையே தொடாதே, முதல்ல ஆயிலை வடி.

ஊஞ்சல் ஆடுறப்ப, காத்தைக் குறைக்கிற சோக்கைக் கொஞ்சம் கொஞ்சமா இழு. பாதியில சத்தம் நேராச்சுன்னா பெட்ரோல் பத்தல, இல்ல எங்கேயோ திருட்டுக் காத்து உள்ள போகுது. சோக் இழுக்க இழுக்க மோசமாச்சுன்னா வேற பக்கம் தேடணும்.

இதே சோக் சோதனையை, 20 நிமிஷம் கழிச்சுத் திணறுறப்பவும் பண்ணு. ரெண்டு பதிலும் ஒண்ணா இருக்கும்னு நினைச்சுக்காதே. அப்பவே டேங்க் மூடியையும் தளர்த்திப் பாரு, கரிப்புகை சொன்னது சரியான சோதனை. காயில் ரெண்டையும் மாத்துன்னு சொன்னதுதான் சரியில்ல.

#5 ஈரப்புல்

நன்றி அண்ணே. பார்த்துட்டேன்.

ஆயில் மட்டம் சரி, பெட்ரோல் வாடை இல்ல. குளிர்ந்த எஞ்சின்ல ஊஞ்சல் ஆடுறப்ப சோக்கைப் பாதி இழுத்ததும் கோடு போட்ட மாதிரி ஒரே சத்தம்! விட்டா திரும்ப ஆட்டம்.

சூடாகித் திணறுறப்ப சோக் இழுத்தா ஒண்ணும் மாறல, கூட இழுத்தா கருப்புப் புகை வந்து அணைஞ்சிடுது. மூடியைக் கழட்டியே ஓட்டினேன், வித்தியாசம் இல்ல.

#6 பழைய ஸ்பானர்

அப்ப ரெண்டு நோய். ஒண்ணோட ஒண்ணு சம்பந்தம் இல்லாம இருக்கலாம். ஒரே மருந்துல ரெண்டும் தீரணும்னு பார்த்ததாலதான் இவ்வளவு செலவு.

முதல் நோய்க்கு வா. பெட்ரோல் குறைவு, இல்ல காத்து அதிகம். புது கார்புரேட்டர் மாட்டினதும் கூடிப்போச்சுன்னு நீயே சொல்ற. மேனிஃபோல்டு (கார்புரேட்டர்ல இருந்து எஞ்சினுக்குப் போற குழாய்) கேஸ்கட் பழசையே வச்சு மாட்டினியா? ஸ்ப்ரே பாட்டில்ல வெறும் தண்ணி எடுத்துக்க. எஞ்சின் ஓடுறப்ப கார்புரேட்டரும் மேனிஃபோல்டும் சேருற இடம், மேனிஃபோல்டும் ஹெட்டும் சேருற இடம், ரெண்டு பக்கமும் மெல்லமா அடி. பிளக் தொப்பி மேல படாம பார்த்துக்க. தண்ணி பட்டதும் சத்தம் மாறுற இடத்துலதான் ஓட்டை. சில பேர் கார்புரேட்டர் கிளீனர் அடிக்கச் சொல்வாங்க. சூடான சைலன்ஸர் பக்கத்துல அதை அடிச்சா என்னாகும்னு நான் சொல்ல வேண்டியதில்ல.

பழைய கார்புரேட்டரைத் தூக்கிப் போடலையே? அதைக் கழுவித் திரும்ப மாட்டு. உன் எஞ்சினுக்குன்னு ஜெட் அளவு போட்டு வந்தது அதுதான். மலிவான நகல்ல ஐடில் (லோடு இல்லாத மெதுவான ஓட்டம்) கலவை பெட்ரோல் கம்மியா வறண்டு இருக்கும், அதைச் சரிபண்ற திருகுக்கும் மூடி போட்டிருப்பான்.

#7 ஈரப்புல்

அண்ணே, சொல்லவே வெட்கமா இருக்கு. கார்புரேட்டரும் மேனிஃபோல்டும் சேருற இடத்துல தண்ணி பட்டதும் சத்தம் சட்டுனு மாறிச்சு. கழட்டினா கேஸ்கட்ல ஒரு மூலையே காணோம். பழசை உரிக்கிறப்ப கிழிச்சிருக்கேன். புது கேஸ்கட் எங்க இருந்துச்சு தெரியுமா? கார்புரேட்டர் வந்த பெட்டிக்கு அடியில, பிரிக்காத கவர்ல.

பழைய கார்புரேட்டரையும் பிரிச்சேன். கிண்ணத்துக்கு அடியில பச்சையும் பழுப்புமா ஒரு படலம், விரல்ல ஒட்டுது. மெயின் ஜெட் பரவாயில்ல. ஐடில் ஜெட்டை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே பிடிச்சா ஒண்ணுமே தெரியல, இருட்டு. கிளீனர்ல ராத்திரி முழுக்க ஊறவச்சு, காலையில காத்து அடிச்சு, திரும்பப் பிடிச்சா ஊசி முனை அளவு வெளிச்சம். அதைப் பார்த்ததும் வந்த சந்தோஷத்தை வீட்டுல யாருகிட்டயும் விளக்க முடியல.

மாட்டியாச்சு, புது கேஸ்கட்டோட. ஊஞ்சல் போயே போச்சு. ரெண்டாவது நோய் அப்படியே இருக்கு.

#8 நாலு ஸ்ட்ரோக்

அடுத்து இதைப் படிக்கிறவங்களுக்கு ஒரு வார்த்தை. ஜெட்டைக் குத்த குண்டூசி, கிட்டார் கம்பி, டிரில் பிட்டுன்னு எதையாவது எடுக்காதீங்க. பித்தளை மெத்துனு இருக்கும், ஒரு கீறல்ல அளவு மாறிடும், அப்புறம் ஆயுசுக்கும் புகைதான். குத்தித்தான் ஆகணும்னா மின்வயர்ல இருந்து ஒரு செம்பு இழை உருவிக்கங்க. கார்புரேட்டர் கிண்ணத்துக்கு அடியில வயரோட ஒரு சோலினாய்டு இருந்தா அதோட முனையையும் துடைங்க. சாவி போட்டதும் டிக்குன்னு உள்ள இழுக்கணும், இல்லைன்னா மெயின் ஜெட் மூடியே கிடக்கும்.

#9 ஒத்தை சிலிண்டர்

நடுவுல புகுந்ததுக்கு மன்னிக்கணும். என்னோடது ஒரு சிலிண்டர் ரைடிங் மோவர். ஓடுறப்ப லேசா முரட்டுத்தனம். அதைவிடத் தொல்லை ஸ்டார்ட் பண்றப்ப: ஸ்டார்டர் அரைச் சுத்து சுத்தி முட்டிக்கிட்டு நின்னுடுது. பேட்டரி புதுசு, ஸ்டார்டர் மோட்டாரும் மாத்தியாச்சு. இதுவும் கார்புரேட்டரா?

#10 பழைய ஸ்பானர்

இல்ல. உன்னோடது வால்வு கிளியரன்ஸ், அதாவது வால்வுக்கும் அதைத் தள்ளுற பாகத்துக்கும் நடுவுல இருக்கிற இடைவெளி. ஸ்டார்ட் பண்றப்ப மட்டும் ஒரு வால்வைத் துளி தூக்கிப் பிடிச்சு அமுக்கத்தைக் குறைக்க கேம்ஷாஃப்ட்ல ஒரு ஏற்பாடு இருக்கு. அது தூக்குற உயரமே மயிரிழை அளவுதான். இடைவெளி தேஞ்சு அகலமாச்சுன்னா அந்தத் தூக்கல் வால்வு வரைக்கும் எட்டாது, ஸ்டார்டர் முழு அமுக்கத்தையும் முட்டி நிக்கும். பாவம் பேட்டரியைத் திட்டுவோம்.

எஞ்சின் ஆறினப்புறம் வால்வு மூடியைக் கழட்டு. பிஸ்டனை அமுக்க ஸ்ட்ரோக்ல உச்சிக்குக் கொண்டுவந்து, அதையும் தாண்டி 6 மில்லிமீட்டர் கீழ இறக்கி நிறுத்து. உச்சியிலேயே வச்சு அளந்தா அந்த ஏற்பாடு குறுக்க வந்து பொய் சொல்லும். இடைவெளி அளக்கிற மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் விட்டு அள. இந்த வகையில நிறைய எஞ்சினுக்கு இன்டேக் 0.1 மில்லிமீட்டர், எக்ஸாஸ்ட் 0.15 மில்லிமீட்டர் பக்கத்துல வரும். உன் கையேட்டுல என்ன போட்டிருக்கோ அதுதான் கணக்கு.

ஏர் ஃபில்டர்ல ஆயில் ஊறியிருந்து, புகையும் வந்தா ஹெட் கேஸ்கட்டைச் சந்தேகப்படு. சிலிண்டருக்கும், வால்வைத் தள்ளுற கம்பியான புஷ்ராடு போற அறைக்கும் நடுவுல இருக்கிற ஒல்லிச் சுவர்லதான் அது ஊதிக்கிட்டுப் போகும்.

ஈரப்புல், உனக்கு: திணறுறப்ப ரெண்டு சிலிண்டரும் ஓடுதா, ஒண்ணு செத்துப்போகுதா? அதைச் சொல்லு.

#11 ஈரப்புல்

அதை எப்படிக் கண்டுபிடிக்கிறது? பிளக் வயரை ஒண்ணொண்ணா உருவிப் பார்க்கட்டுமா?

#12 வயர்காரன்

உருவ வேண்டாம். கையில் அடிக்கும் என்பது ஒன்று. எர்த் ஆகாமல் தொங்கும் வயரால் காயிலுக்குள் அழுத்தம் ஏறி, நல்ல காயிலும் கெட்டுப்போகலாம் என்பது இன்னொன்று.

அகச்சிவப்பு வெப்பமானி இருந்தால் திணறும் நேரத்தில் இரண்டு எக்ஸாஸ்ட் குழாய்களையும் ஹெட்டுக்குப் பக்கத்தில் அளந்து பாருங்கள். இல்லையென்றால் எஞ்சினை நிறுத்தி இரண்டு பிளக்கையும் கழற்றுங்கள். நனைந்திருக்கும் பிளக்கின் பக்கம் பெட்ரோல் வந்திருக்கிறது, பொறி வரவில்லை என்று பொருள்.

#13 ஈரப்புல்

வெப்பமானி பக்கத்து வீட்டுல இரவல் வாங்கினேன். முதல் 15 நிமிஷம் ரெண்டு குழாயும் கிட்டத்தட்ட ஒண்ணு, 220 டிகிரி சுமாருக்கு. திணற ஆரம்பிச்சு ரெண்டு நிமிஷத்துல வலது பக்கம் 120-க்கு இறங்கிடுச்சு, இடது பக்கம் 250-ஐ தொட்டுச்சு. உடனே நிறுத்தி பிளக்கைக் கழட்டினேன். இடது வெளிர் பழுப்பு. வலது கருப்பா, பெட்ரோல் சொட்டச் சொட்ட.

ஒரு சந்தேகம். ஒரு சிலிண்டர் முழுசா செத்திருக்கு, ஆனா பிளேடை நிறுத்திட்டா கிட்டத்தட்ட சாதாரணமா ஓடுது. எப்படி?

#14 பழைய ஸ்பானர்

கவர்னர் தம்பி, கவர்னர். எஞ்சின் வேகத்தைத் தானாவே பிடிச்சு வைக்கிற பாகம். நீ ஆக்சிலேட்டர் நெம்புகோலைத் தள்ளுறப்ப, எஞ்சினுக்குக் கலவை விடுற த்ராட்டிலைத் திறக்கலை. இந்த வேகத்துல ஓடுன்னு கவர்னருக்கு உத்தரவு கொடுக்கிற, அவ்வளவுதான். பிளேடு ஓட முழு வேகம் நிமிஷத்துக்கு 3,600 சுற்று பக்கம்னு வச்சுக்க. ஒரு சிலிண்டர் செத்தா கவர்னர் த்ராட்டிலை இன்னும் திறந்து மிச்சம் ஒண்ணை வச்சே அந்த வேகத்தைப் பிடிச்சுக் கொடுத்துடும். காதுக்கு லேசா நடுக்கம் தெரியும், அவ்வளவுதான். பிளேடைப் போட்டதும் த்ராட்டில் ஏற்கெனவே முழுசாத் திறந்து கிடக்கு, மேல போக இடமில்ல, படுத்துக்கும். கார்ல மாதிரி ஐடில்ல ஆட்டம் போட்டுக் காட்டிக்கொடுக்காது. இதனாலயே நிறைய பேர் ஒத்தைச் சிலிண்டர்ல ஒரு சீசனே ஓட்டிட்டு, இழுவை குறைஞ்சிடுச்சுன்னு பெல்ட் மாத்திக்கிட்டு இருப்பாங்க.

#15 கரிப்புகை

வலது காயில். நான் ரெண்டாவது பதிவுலயே சொன்னேன். கணக்கு வச்சுக்கங்க.

#16 வயர்காரன்

பொறுங்கள். காயிலாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு, ஆனால் இரட்டைச் சிலிண்டரில் வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டிய ஒன்று இருக்கிறது.

இந்த எஞ்சின்களில் பொறி பேட்டரியிலிருந்து வருவதில்லை. ஃப்ளைவீலில் உள்ள காந்தம் காயிலைக் கடக்கும்போது பொறி பிறக்கிறது. நிறுத்துவதற்கு, காயிலிலிருந்து வரும் ஒரு மெல்லிய வயரை சாவி எர்த் செய்துவிடும். இரண்டு காயில், இரண்டு வயர், பிறகு இரண்டும் ஒன்றாகச் சேர்ந்து சாவிக்குப் போகும். சேரும் இடத்துக்கு முன்னால் ஒவ்வொரு வயரிலும், மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் ஒரு டையோடு இருக்கும், ஒரு காயிலின் மின்சாரம் மற்ற காயிலுக்குள் புகாமல் இருக்க. அந்த டையோடு ஷார்ட் ஆனாலும், டையோடுக்கு முன்னால் வயர் எங்காவது உரசி எர்த் ஆனாலும், காயில் நன்றாக இருக்க ஒரு சிலிண்டர் மட்டும் சாகும். டையோடுக்கு அப்பால் எர்த் ஆனால் இரண்டுமே நின்றிருக்கும்.

ஃப்ளைவீலுக்கு மேலுள்ள காற்று மூடியைக் கழற்றி, இரண்டு காயிலிலும் இந்த மெல்லிய வயரை உருவி, முனையைத் துணி நாடாவால் சுற்றிவிடுங்கள். மூடியைத் திரும்பப் போட்டுவிட்டே ஓட்டுங்கள், அது இல்லாமல் எஞ்சினுக்குக் குளிர்ச்சி கிடையாது. இந்த நிலையில் சாவியை அணைத்தாலும் எஞ்சின் நிற்காமல் ஓடலாம், எனவே சோக்கை முழுவதும் இழுத்து நிறுத்தத் தயாராக இருங்கள். சோதனை முடிந்ததும் கட்டாயம் வயரை மாட்டிவிடுங்கள். சீட்டிலிருந்து எழுந்தால் எஞ்சினை அணைக்கும் பாதுகாப்பும் இதே வயர் வழியாகத்தான் வேலை செய்கிறது. அதனால் சோதனையில் பிளேடைப் போட வேண்டாம். வெறுமனே முழு வேகத்தில் சூடாகட்டும், வெப்பமானி சொல்லிவிடும்.

மீட்டரில் காயிலை அளந்து நல்லது என்று முடிவு கட்டாதீர்கள். ஆறிய காயில் மீட்டருக்கு நல்ல பிள்ளை.

#17 ஈரப்புல்

சோதனை வரைக்கும் போகவே இல்ல. மூடியைத் தூக்கினதும் கதை முடிஞ்சிடுச்சு.

உள்ள எலிக்கூடு. காய்ஞ்ச புல், கூடவே மஞ்சளா பஞ்சு. என் சீட்டுக்கு அடியில இருந்து உருவின ஸ்பாஞ்ச்! அஞ்சு மாசமா குடித்தனம் நடத்தியிருக்கு. வலது சிலிண்டரோட குளிர்விக்கும் துடுப்புகளுக்கு நடுவுல துளி இடைவெளி இல்ல, கம்பளி மாதிரி இறுகிப் போயிருந்துச்சு. அந்தப் பக்கம் போற மெல்லிய வயர், கூட்டுக்கு அடியில அமுங்கி, மூடியோட தகரக் கீழ்விளிம்புல ஒட்டிக் கிடந்துச்சு. மேல உறை சூட்டுல வெந்து பளபளன்னு இருக்கு. திருப்பிப் பார்த்தா நகக்கண் அளவு செம்பு பளிச்சுன்னு தெரியுது. எதிர்ல தகரத்துலயும் அதே அளவுக்கு ஒரு தேய்மானம்.

ஆறினப்ப தொடாம நிக்கும். சூடாகி உறை இளகி, அதிர்வும் சேர்ந்தா தகரத்தைத் தொடும். மீட்டர் வச்சு ஆட்டி ஆட்டிப் பார்த்தேன், தொடுறப்ப சுழியம், விட்டா ஒண்ணும் இல்ல. டையோடு ரெண்டும் ஒரு பக்கம் மட்டும் காட்டுது, அப்ப நல்லாத்தானே இருக்கு?

#18 வயர்காரன்

நல்லாத்தான் இருக்கு. நாடா சுற்றாதீர்கள், சூட்டில் பசை இளகி அவிழ்ந்துவிடும். சூடு காட்டினால் இறுகும் சுருங்கு குழாய் போட்டு, வயரைத் தகர விளிம்பிலிருந்து விலக்கிக் கட்டுங்கள். அந்த வயரில் பேட்டரியின் 12 வோல்ட் எந்தக் காரணத்துக்காகவும் பட்டுவிடக் கூடாது. பட்டால் அந்த நொடியே காயில் காலி. சாவி ஸ்விட்சைப் பொருந்தாத வகையில் மாற்றி இரண்டு காயிலையும் ஒரே நாளில் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன்.

#19 பழைய ஸ்பானர்

துடுப்பை முழுசா சுத்தம் பண்ணு, தண்ணி பீய்ச்சாதே, மரக்குச்சியும் காத்தும் போதும். அந்தப் பக்கம் குளிர்ச்சியே இல்லாம எத்தனை மணி நேரம் வெந்திருக்குன்னு தெரியல. வலது பக்க வால்வு மூடியைத் திறந்து புஷ்ராடு நேரா இருக்கா, வால்வு கைடு எழும்பி வந்திருக்கான்னு ஒரு பார்வை பாரு. காயிலைக் கழட்டினா திரும்ப மாட்டுறப்ப காந்தத்துக்கும் காயிலுக்கும் நடுவுல ஒரு விசிட்டிங் கார்டு வச்சு இறுக்கு, 0.3 மில்லிமீட்டர் பக்கம் வரும்.

#20 ஈரப்புல்

புஷ்ராடு நேர்தான், கைடும் அசையல. எல்லாம் மாட்டி இன்னிக்கு ரெண்டு மணி நேரம் நிறுத்தாம வெட்டினேன். ரெண்டு குழாயும் 10 டிகிரி வித்தியாசத்துக்குள்ள. மேட்டுல ஏறுறப்பகூட சத்தம் குறையல.

#21 ஒத்தை சிலிண்டர்

என்னோடதும் தீர்ந்தது. இன்டேக் 0.3 மில்லிமீட்டர் காட்டுச்சு! கையேட்டுப்படி வச்சதும் பழைய பேட்டரியிலயே ஒரு தட்டுல கிளம்பிடுச்சு. புது பேட்டரியும் ஸ்டார்டரும் இப்ப உபரி.

#22 கரிப்புகை

சரி, காயில் இல்ல, தோத்துட்டேன். ஈரப்புல், அந்தப் புது கார்புரேட்டரை என்ன பண்ணப் போறீங்க?

#23 ஈரப்புல்

பெட்டியோட கொட்டகையில வச்சிருந்தேன். இப்ப போய்ப் பார்த்தா அட்டையோட ஒரு மூலையைக் கடிச்சு வச்சிருக்கு.